புற்றுநோய் கூடுகிறதா, குறைகிறதா? ஒரு நாட்டின் கணக்கு எப்படிப் போடப்படுகிறது

கேள்வி இது: "ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள் படித்தேன். புற்றுநோயாளிகள் எண்ணிக்கை இதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டுவிட்டது என்கிறது ஒன்று. புற்றுநோய் இறப்பு வீதம் முப்பது ஆண்டுகளாக இறங்கிக்கொண்டே வருகிறது என்கிறது இன்னொன்று. எதை நம்புவது? ஒரு நாடு முழுவதற்கும் இந்தக் கணக்கை யார், எப்படி எடுக்கிறார்கள்?"

இரண்டையுமே நம்பலாம். அமெரிக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே கணக்கு நீண்ட காலமாகத் தொடர்ந்து இருக்கிறது. 1991-ல் அங்கே புற்றுநோயால் இறந்தவர்கள் சுமார் 5,15,000 பேர். 2021-ல் சுமார் 6,05,000 பேர். தொண்ணூறாயிரம் பேர் கூடுதல். ஆனால் வயதைச் சரிசெய்து பார்க்கிற இறப்பு வீதம் அதே முப்பது ஆண்டுகளில் லட்சம் பேருக்கு 215 என்ற நிலையிலிருந்து 145-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. மக்கள்தொகை 25 கோடியிலிருந்து 33 கோடியானது, அதோடு அந்த மக்களுக்கு வயதும் ஏறியது. ஆட்கள் எண்ணிக்கையைத் தலைப்பில் போட்டால் பயமாக இருக்கும், வீதத்தைப் போட்டால் நிம்மதியாக இருக்கும். இரண்டு செய்தியாளர்களும் பொய் சொல்லவில்லை.

சரி, யார் எண்ணுகிறார்கள்? இங்கே முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். புதிதாக எத்தனை பேருக்கு நோய் வந்தது என்பது ஒரு நோட்டுப் புத்தகம். எத்தனை பேர் அதனால் இறந்தார்கள் என்பது வேறொரு நோட்டுப் புத்தகம். எழுதுகிற கைகளும் வேறு. இறப்புக் கணக்கு, பிறப்பு–இறப்புப் பதிவு என்ற பொதுவான அரசு ஏற்பாட்டிலிருந்து வருகிறது. யார் எதனால் இறந்தாலும் சான்றிதழ் ஒன்று இருக்கும், அதில் காரணம் எழுதியிருக்கும், அதை எண்ணினால் போதும். புதிய நோயாளிகள் கணக்குக்கு அப்படி ஓர் இயல்பான இடம் கிடையாது. ஒருவருக்குப் புற்றுநோய் வந்தது என்று எந்த அலுவலகத்திலும் தானாகப் பதிவாவதில்லை. அதற்கென்றே ஒரு பதிவேட்டை உருவாக்கி, ஆள் போட்டு, சட்டம் இயற்றி, பணம் ஒதுக்கினால்தான் அந்த எண்ணே கிடைக்கும்.

ஹாம்பர்க் நகரில் 1926-ல் தொடங்கியதைத்தான் இந்த வகையில் முன்னோடி என்று சொல்வார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1941-ல் பதிவேட்டைத் தொடங்கி, பழைய கோப்புகளைப் புரட்டி 1935 வரை பின்னோக்கிப் போய் நிரப்பியது. நாடு முழுவதற்குமான பதிவேட்டை முதலில் அமைத்தது டென்மார்க், 1942-ல், போருக்கும் ஆக்கிரமிப்புக்கும் நடுவில். அமெரிக்காவில் 1971-ல் தேசியப் புற்றுநோய்ச் சட்டம் வந்து, 1973-ல் 'சீர்' என்ற திட்டம் ஆரம்பித்தது. அது நாடு முழுவதையும் எண்ணவில்லை; சில மாநிலங்களையும் நகரப் பகுதிகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு அங்கே ஒருவர்கூட விடாமல் எண்ணியது. மற்ற மாநிலங்களின் பதிவேடுகளுக்கு உதவ 1992-ல் தனிச் சட்டம் வந்தது. இரண்டையும் சேர்த்த பிறகுதான் நாடு முழுவதற்குமான படம் கிடைத்தது. இந்தியாவில் தேசியப் பதிவேட்டுத் திட்டம் 1981-82 வாக்கில் ஆரம்பித்தது. இன்றும் அது மக்கள்தொகையில் ஒரு சிறு பகுதியைத்தான் தொடுகிறது. மருத்துவமனைகள் தகவல் அனுப்பட்டும் என்று காத்திருந்தால் வராது என்பதால், பதிவேட்டு ஊழியர்களே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்க் கோப்புகளைப் புரட்டி எழுதிக்கொண்டு வருகிறார்கள்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி. ஒரு பரிசோதனைக்கூடத்தில் பயாப்ஸி. அங்கே பெயர் ஒரு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது, வயது 52. அறுவை சிகிச்சை ஒரு மருத்துவமனையில். அங்கே பெயரில் ஒரு முதலெழுத்து கூடியிருக்கிறது, வயது 53. கதிர்வீச்சுக்குப் பெரிய நகரத்துக்குப் போகிறார், உறவினர் வீட்டில் தங்குகிறார், அந்த முகவரியையே கொடுக்கிறார். இரண்டு வருடம் கழித்து இறப்புச் சான்றிதழ் வருகிறது. அதில் கணவர் பெயர் சேர்ந்திருக்கிறது. பதிவேட்டு மேசையில் இவை நான்கு காகிதங்கள். நான்கு நோயாளிகளா, ஒருவரா? ஒருவர்தான் என்று கண்டுபிடிக்காவிட்டால் நோய் வீதம் நான்கு மடங்காகிவிடும். இரண்டு வேறு நபர்களை ஒருவர் என்று தவறாகச் சேர்த்துவிட்டால் ஓர் உயிர் கணக்கிலிருந்து காணாமல் போகும். உறவினர் முகவரியை நம்பினால் பெரிய மருத்துவமனை இருக்கிற நகரத்தில்தான் புற்றுநோய் கொத்துக் கொத்தாக இருப்பதுபோல் தெரியும். எங்கே சிகிச்சை பெற்றார் என்பது முக்கியமில்லை, எங்கே குடியிருந்தார் என்பதுதான் கணக்கு. டென்மார்க்கில் 1968 முதல் எல்லோருக்கும் ஒரே தனிநபர் எண் இருப்பதால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. மற்ற இடங்களில் பெயர், பிறந்த தேதி, பாலினம், முகவரி எல்லாவற்றையும் ஒப்பிட்டு, கணினி பாதி முடிவெடுத்து, மீதியை ஒரு மனிதர் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஆள் யார் என்று தீர்ந்ததும் நோய்க்குக் குறியீடு போடுவார்கள். எந்த இடம் என்பதற்கு ஒன்று, எந்த வகைத் திசு என்பதற்கு ஒன்று. அந்தப் பெண்ணின் கட்டி மார்பின் வெளிப்புற மேல்பகுதியில் இருந்தால் சி50.4. பால்குழாயில் தோன்றிப் பரவுகிற வகை என்றால் 8500, அதன் பின்னால் ஒரு சாய்கோடு, பிறகு 3. எல்லாம் அந்தக் கடைசி இலக்கத்தில்தான் இருக்கிறது. 0 என்றால் தீங்கற்ற கட்டி, 1 என்றால் இன்னதென்று சொல்ல முடியாதது, 2 என்றால் தோன்றிய இடத்தைத் தாண்டாதது, 3 என்றால் புற்றுநோய். நாட்டின் தலைப்பு எண்ணில் பொதுவாக 3 மட்டுமே ஏறும். (சிறுநீர்ப்பையில் மட்டும் 2-ஐயும் சேர்த்து எண்ணுகிற பழக்கம் சில நாடுகளில் உண்டு, நாடுகளை ஒப்பிடும்போது இது படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமில்லை.)

இந்தக் குறியீட்டுப் புத்தகம் மாறினால் எண்ணும் மாறும், யாருக்கும் புதிதாக எந்த நோயும் வராமலே. 2001 வாக்கில் மூன்றாம் பதிப்பு நடைமுறைக்கு வந்தபோது, ரத்த சிவப்பணுக்கள் மிதமிஞ்சிப் பெருகுகிற பாலிசைத்தீமியா போன்ற சில ரத்த நோய்கள் 1-லிருந்து 3-க்கு மாறின. சினைப்பையில் வருகிற 'எல்லைக்கோட்டுக் கட்டிகள்' 3-லிருந்து 1-க்கு இறங்கின. ஒரு வரைபடத்தில் சினைப்பைப் புற்றுநோய் அந்த ஆண்டு திடீரென்று சரிந்திருந்தால் மருந்தைப் பாராட்டுவதற்கு முன்னால் அடிக்குறிப்பைப் படிக்க வேண்டும்.

எதை எண்ணுவதில்லை என்பதும் இங்கே சொல்ல வேண்டியது. வெள்ளைத் தோல் மக்கள் வாழும் நாடுகளில் மிக அதிகமாக வருகிற புற்றுநோய் தோலில் வருகிற அடித்தளச் செல் வகையும் செதிள் செல் வகையும்தான். பெரும்பாலும் டாக்டரின் அறையிலேயே வெட்டி எடுத்துவிடுவார்கள், சாவது மிக அரிது, ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்ப வரும். இதை எண்ணி மாளாது என்று அமெரிக்கப் பதிவேடுகள் பலவும் விட்டுவிட்டன. 'எல்லாப் புற்றுநோய்களும் சேர்ந்து' என்று படிக்கும்போது, இந்த வகைகள், அதாவது மெலனோமா (நிறமிச் செல்களில் வருகிற தோல் புற்று) அல்லாத தோல் புற்றுநோய், அதில் இல்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே ஆளுக்கு இரண்டு புற்றுநோய் வந்தால்? 2010-ல் இடது மார்பில், 2016-ல் வலது மார்பில். சர்வதேச விதிப்படி இரட்டை உறுப்புகள் ஓர் இடமாகவே கருதப்படும். எனவே திசு வகை மாறாவிட்டால் இது ஒரே புற்றுநோய். 'சீர்' விதிப்படி இரண்டு. அதே பெண், அதே நோய், கணக்கில் ஒன்றா இரண்டா என்பது எந்தக் கட்டடத்தில் எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு நாட்டுக்குள்ளேயே விதி மாறாமல் இருந்தால் சரி. நாடு தாண்டி ஒப்பிடும்போதுதான் சறுக்கும்.

பதிவேடு எவ்வளவு முழுமையானது என்று கண்டுபிடிக்க ஓர் அழகான வழி இருக்கிறது. எந்த மருத்துவமனையிலும் பரிசோதனைக்கூடத்திலும் தடயமே இல்லாமல், இறப்புச் சான்றிதழில் மட்டும் புற்றுநோய் என்று வந்து நிற்பவர்கள் எத்தனை சதவீதம்? அது அதிகமாக இருந்தால், உயிரோடு இருக்கும்போது இந்த நோயாளிகளை வலை பிடிக்கவில்லை என்று அர்த்தம். அதே வலையில் சிக்காமல் குணமாகிப் போனவர்களும் இருப்பார்கள், அவர்கள் கணக்கில் எங்குமே வரமாட்டார்கள். சந்தேகம் வரவேண்டிய இன்னொரு இடம், அந்தச் சதவீதம் சுத்தமாகப் பூஜ்யமாக இருப்பது. அப்படியானால் இறப்புச் சான்றிதழ்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவே இல்லை என்றுதான் அர்த்தம். ஒப்பிடாத பதிவேட்டில் நோயாளிகள் சாகவே மாட்டார்கள். ஏட்டில் நூற்றிப் பத்து வயது வரை சிரஞ்சீவியாக இருப்பார்கள். அந்த நாட்டின் உயிர்பிழைப்பு விகிதமும் (நோய் கண்டுபிடித்து ஐந்தாண்டு போன்ற ஒரு காலம் கழித்தும் உயிரோடு இருப்பவர்களின் பங்கு) அமோகமாகத் தெரியும்.

இனி இறப்புக் கணக்கு. சான்றிதழில் டாக்டர் காரணங்களை ஒரு சங்கிலியாக எழுத வேண்டும். மேல் வரியில் உடனடிக் காரணம், அதற்கு என்ன காரணம் என்பது கீழ் வரியில், அதற்கு என்ன காரணம் என்பது அதற்கும் கீழே. மேலே 'கல்லீரல் செயலிழப்பு', நடுவில் 'கல்லீரலுக்குப் பரவிய புற்று', கீழே 'பெருங்குடல் புற்றுநோய்' என்று எழுதியிருந்தால், சங்கிலியைத் தொடங்கி வைத்தது எதுவோ அதுதான் எண்ணப்படும்: பெருங்குடல். ஓர் இறப்பு, ஒரு காரணம். ஆனால் நள்ளிரவில் பணியிலிருக்கிற இளம் டாக்டர், நோயாளியை முதன்முறையாக அன்றுதான் பார்க்கிறார், 'கல்லீரல் புற்றுநோய்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார் என்று வையுங்கள். பெருங்குடலில் ஒன்று குறைந்தது, கல்லீரலில் ஒன்று கூடியது. கல்லீரல், மூளை, எலும்பு மூன்றுமே பரவிய புற்று போய்ச் சேருகிற இடங்கள். எனவே இறப்புக் கணக்கில் இவை தங்களுக்கு உரியதைவிடச் சற்றுப் பருத்தே இருக்கும். இன்னொரு பழைய தொல்லை, 'கருப்பைப் புற்றுநோய்' என்று மட்டும் எழுதுவது. கருப்பை வாயா, கருப்பை உள்சுவரா? இரண்டும் காரணத்திலும் தடுப்பிலும் முற்றிலும் வேறான நோய்கள். சான்றிதழ் சொல்லாததால், கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்புகளை ஒப்பிடுபவர்கள் இந்தப் 'பெயரில்லாக் கருப்பை'களை வயதைப் பார்த்து இரண்டு பக்கமும் பங்கு பிரித்துக் கொடுக்கிறார்கள். அது சரியான பங்குதானா என்பது அவரவர் மனசாட்சிக்கு விட்டது.

இதெல்லாம் டாக்டர் கையெழுத்து இருக்கிற நாடுகளின் கவலை. பெரும்பாலானவர்கள் வீட்டிலேயே, மருத்துவர் பார்க்காமல் இறக்கிற இடங்களில், பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்குப் போய்க் குடும்பத்தாரிடம் கேட்பார். எவ்வளவு நாள் படுத்திருந்தார், உடல் மெலிந்ததா, எங்காவது கட்டி தெரிந்ததா, சாப்பிட்டது தொண்டையில் நின்றதா. அந்த விடைகளைத் தனித்தனியாக இரண்டு மருத்துவர்கள் படித்துக் காரணத்தை ஊகிப்பார்கள். வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை என்று இதற்குப் பெயர். வாய்ப் புற்றுநோயையும் மார்புப் புற்றுநோயையும் இந்த முறை ஓரளவு நன்றாகவே பிடிக்கும். கண்ணுக்குத் தெரிவது குடும்பத்துக்கும் தெரியும். கணையத்தில் இருந்தது என்றால் பிடிப்பது கஷ்டம்.

மேலே இருக்கிற எண் இப்படி வந்தது. கீழே இருப்பது மக்கள்தொகை. வீதம் என்பது ஒரு வகுத்தல்தான். ஆனால் எல்லோரும் மேல் எண்ணைப் பற்றியே சண்டை போடுவார்கள், கீழ் எண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை, இடைப்பட்ட ஆண்டுகளுக்கு மதிப்பீடு. எண்பது வயதுக்கு மேற்பட்டவர்களைக் குறைத்து மதிப்பிட்டிருந்தால் அவர்களுடைய புற்றுநோய் வீதம் வீங்கிவிடும். அடுத்த கணக்கெடுப்பு வந்ததும் அது ஒரே நாளில் வடியும். கீழ் எண்ணில் எனக்குப் பிடித்த சிக்கல் ஒன்று உண்டு. கருப்பை அகற்றப்பட்ட பெண்ணுக்குக் கருப்பைப் புற்றுநோய் வர வழியே இல்லை. ஆனால் வகுக்கும்போது எல்லாப் பெண்களையும் சேர்த்துத்தான் வகுக்கிறோம். அந்த அறுவை சிகிச்சை பரவலாக நடக்கிற நாட்டில், கருப்பை இருக்கிற பெண்களுக்கு உண்மையில் உள்ள அபாயம் அச்சிட்ட வீதத்தைவிட நிறையவே அதிகம்.

வயதுத் திருத்தம் என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா, அதை ஒரு கணக்காகப் போட்டுக் காட்டினால்தான் புரியும். இரண்டு நாடுகள், ஒவ்வொன்றிலும் பத்து லட்சம் பேர். இளைய நாட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் ஒரு லட்சம், மூத்த நாட்டில் மூன்று லட்சம். இரண்டிலும் அறுபதுக்குக் கீழே லட்சத்துக்கு 30 பேர் புற்றுநோயால் இறக்கிறார்கள். அறுபதுக்கு மேலே இளைய நாட்டில் லட்சத்துக்கு 500, மூத்த நாட்டில் 400. அதாவது மூத்த நாடுதான் நன்றாகச் சமாளிக்கிறது. வெறும் கணக்குப் போடுங்கள். இளைய நாட்டில் 270-ம் 500-ம் சேர்ந்து 770 இறப்பு, லட்சத்துக்கு 77. மூத்த நாட்டில் 210-ம் 1,200-ம் சேர்ந்து 1,410, லட்சத்துக்கு 141. ஏறக்குறைய இரண்டு மடங்கு மோசமாகத் தெரிகிறது! இப்போது இரண்டு நாடுகளுக்கும் பொதுவாக ஒரு கற்பனை மக்கள்தொகையை வைத்துக்கொள்வோம்; 85 சதவீதம் பேர் அறுபதுக்குக் கீழே, 15 சதவீதம் பேர் மேலே. இளைய நாடு 100.5, மூத்த நாடு 85.5. உண்மை நேராகிவிட்டது.

அந்தக் கற்பனை மக்கள்தொகையை யார் தீர்மானிப்பது? ஜப்பானைச் சேர்ந்த மிட்சுவோ செகி 46 நாடுகளின் மக்கள்தொகையை வைத்து 1960-ல் ஒன்றை உருவாக்கினார். பிரிட்டனின் ரிச்சர்ட் டால் குழுவினர் 1966-ல் அதைச் சற்றுத் திருத்தினார்கள். 'உலகத் தர மக்கள்தொகை' என்று இன்றும் உலகம் முழுக்க ஓடுவது அதுதான். அதில் 65 வயதைத் தாண்டியவர்கள் வெறும் 7 சதவீதம். அமெரிக்கா பயன்படுத்துவது தன்னுடைய 2000-ஆம் ஆண்டு மக்கள்தொகையை. அதில் முதியவர்கள் அதிகம். எனவே ஒரே நாட்டின் ஒரே ஆண்டின் ஒரே நோய்க்கு, உலகத் தரத்தில் ஓர் எண்ணும் அமெரிக்கத் தரத்தில் அதைவிடப் பெரிய எண்ணும் வரும். இரண்டும் சரி. ஆனால் ஒன்றை ஒரு பக்கத்திலும் மற்றதை இன்னொரு பக்கத்திலும் வைத்து நாடுகளை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன், அடிக்கடி.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். புதிய நோயாளிகளின் வீதம் நோயை மட்டும் அளப்பதில்லை. எவ்வளவு தீவிரமாகத் தேடினோம் என்பதையும் சேர்த்தே அளக்கிறது.

தென் கொரியாவைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. 1999-ல் அங்கே தேசிய அளவில் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பரிசோதனைக்கு வந்தவர்களிடம், கொஞ்சம் கூடுதல் கட்டணம் கொடுத்தால் கழுத்துக்கும் அல்ட்ராசவுண்ட் பார்த்துவிடலாம் என்று மருத்துவமனைகள் சொல்ல, மக்கள் பார்த்தார்கள். 2011-ல் தைராய்டு புற்றுநோய் வீதம் 1993-ல் இருந்ததைப்போல் 15 மடங்கு. அந்த ஒரே ஆண்டில் 40,000 பேருக்கு மேல். அணுக்கதிர் விபத்து எதுவும் நடக்கவில்லை, உணவில் விஷம் கலக்கவில்லை. தைராய்டு புற்றுநோயால் இறந்தவர்கள் ஆண்டுக்கு முந்நூறு நானூறு பேர், முன்பு எப்படியோ அப்படியே. கோடு ஒன்று மலைபோல் ஏறுகிறது, இன்னொன்று தரையோடு ஓடுகிறது. நல்ல ஆரோக்கியமானவர்களின் கழுத்திலும் மில்லிமீட்டர் அளவில் இப்படிப் புற்றுகள் நிறைய இருக்கின்றன. வேறு காரணங்களால் இறந்தவர்களைப் பிரேதப் பரிசோதனை செய்தபோது இது பல காலமாகவே தெரிந்த விஷயம். தேடியவர்களுக்குக் கிடைத்தது. கிடைத்தவர்களுக்கு அறுவை சிகிச்சை நடந்தது, அதற்குப் பிறகு பலருக்கு ஆயுள் முழுக்க மாத்திரை. 2014-ல் சில மருத்துவர்கள் இதைப் பொதுவில் எடுத்துச் சொன்னதும், ஒரே ஆண்டில் தைராய்டு அறுவை சிகிச்சைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்த ஆண்டு 'புற்றுநோயும்' குறைந்தது!

அமெரிக்காவில் புராஸ்டேட் புற்றுநோய்க்கு இதேபோல் ஒரு கூம்பு உண்டு. 1980-களின் கடைசியில் பி.எஸ்.ஏ. என்கிற ரத்தச் சோதனை பரவியதும் வீதம் செங்குத்தாக ஏறி, 1992-ல் உச்சம் தொட்டு, இறங்கியது.

அதற்காகத் தேடினாலே எண்ணிக்கை கூடும் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. கருப்பை வாயிலும் பெருங்குடலிலும் புற்று ஆவதற்கு முந்தைய நிலையையே கண்டுபிடித்து அகற்றிவிடலாம். அங்கே தேடினால் சில ஆண்டுகளில் புதிய நோயாளிகளும் குறைவார்கள், இறப்பும் குறையும். இரண்டு கோடுகளும் சேர்ந்து இறங்கினால் அது உண்மையான வெற்றி. ஒன்று ஏறி மற்றது அசையாமல் இருந்தால் தேடல்தான் கூடியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். இரண்டும் ஏறினால் நோயே உண்மையில் பெருகுகிறது. இருபதாம் நூற்றாண்டின் நுரையீரல் புற்றுநோய் அப்படித்தான் ஏறியது. எனவே ஒரு கோட்டை மட்டும் காட்டுகிற செய்தியை நான் படிப்பதில்லை.

இந்த இடத்தில் உயிர்பிழைப்பு விகிதம் என்ற மூன்றாவது எண் புகுந்து குட்டையைக் குழப்பும். 2007-ல் அமெரிக்க அதிபர் வேட்பாளர் போட்டியில் இருந்த ரூடி ஜூலியானி, தனக்கு வந்த புராஸ்டேட் புற்றுநோயைச் சொல்லி, அமெரிக்காவில் பிழைக்கும் வாய்ப்பு 82 சதவீதம், இங்கிலாந்தில் 44 சதவீதம்தான் என்று பேசினார். கேட்டால் இங்கிலாந்தில் சாவு இரண்டு மூன்று மடங்கு இருக்கும் என்றுதானே தோன்றும்? இரண்டு நாடுகளிலும் புராஸ்டேட் புற்றுநோய் இறப்பு வீதம் அப்போது ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

எப்படி என்று பாருங்கள். ஒருவர் எப்படியும் 74 வயதில் இந்த நோயால் இறக்கப்போகிறார். அறிகுறி தெரிந்து 71 வயதில் டாக்டரிடம் போனால், ஐந்தாண்டு பிழைத்தவர்கள் பட்டியலில் அவர் இல்லை. ரத்தச் சோதனையில் 64 வயதிலேயே தெரிந்துவிட்டால் பத்தாண்டு பிழைத்தவர். சாவு தேதி ஒரு நாள்கூட மாறவில்லை; நோயாளி என்ற பட்டத்தோடு வாழ்ந்த காலம்தான் நீண்டது. இன்னொரு கணக்கும் உண்டு. ஆயிரம் பேருக்கு உண்மையான, வேகமான புற்றுநோய். ஐந்து ஆண்டு கழித்து 400 பேர் உயிரோடு இருக்கிறார்கள், 40 சதவீதம். இதோடு தேடிப் பிடித்த, எந்தக் காலத்திலும் தொல்லை தராத 1,500 பேரைச் சேருங்கள். 2,500-க்கு 1,900, அதாவது 76 சதவீதம். இறந்தவர்கள் அன்றும் 600, இன்றும் 600. உயிர்பிழைப்பு விகிதம் பயனற்றது என்று சொல்லவில்லை. ஒரே நிலையில் கண்டுபிடித்த நோயாளிகளுக்கு இரண்டு சிகிச்சைகளை ஒப்பிட அது வேண்டும். ஒரு நாடு புற்றுநோயை எதிர்த்து முன்னேறியிருக்கிறதா என்று கேட்டால் மட்டும் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, வயதுத் திருத்தம் செய்த இறப்பு வீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் எழுதுவதில் அத்தனை ஓட்டைகள் இருந்தும், தேடலால் பொய்யாக ஏற்ற முடியாத எண் அது ஒன்றுதான்.

அதன் குறை வேறு: மெதுவாகப் பேசும். அமெரிக்க ஆண்களின் நுரையீரல் புற்றுநோய் இறப்பு 1990 வாக்கில்தான் உச்சம் தொட்டது. சிகரெட் பழக்கம் அதற்கு இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இறங்கத் தொடங்கியிருந்தது. இன்றைக்கு இறப்பு வீதம் குறைகிறது என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பங்கு, 1960-களிலும் 70-களிலும் சிகரெட்டை அணைத்தவர்களுடையது.

உலக அளவில் நீங்கள் பார்க்கிற எண்கள், அதாவது 2022-ல் 2 கோடிப் புதிய நோயாளிகள், 97 லட்சம் இறப்புகள் என்பவை, பிரான்ஸின் லியோன் நகரில் இருக்கிற சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 185 நாடுகளுக்குப் போட்ட மதிப்பீடு. நல்ல பதிவேடு இருக்கிற நாட்டுக்கு அது கிட்டத்தட்ட நேரடி எண்ணிக்கை. ஒரு சில நகரங்களில் மட்டும் பதிவேடு உள்ள நாட்டுக்கு அந்த நகரங்களை வைத்து மொத்தத்தையும் கணிக்கிறார்கள். ஒன்றுமே இல்லாத நாட்டுக்கு அக்கம்பக்கத்து நாடுகளின் சராசரி. அட்டவணையில் எல்லா வரிசைகளும் ஒரே எழுத்துருவில், ஒரே துல்லியத்தில் அச்சாகியிருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு பதிப்பின் எண்ணையும் அடுத்த பதிப்பின் எண்ணையும் கழித்துப் பார்த்து 'இத்தனை கூடிவிட்டது' என்று சொல்லாதீர்கள் என்று அந்த முகமையே எச்சரிக்கிறது, ஏனென்றால் இடையில் கணிக்கும் முறையும் தரவும் மாறியிருக்கும். செய்திகளில் முதலில் நடப்பது அந்தக் கழித்தல்தான்.

கடைசியாக, ஏன் எப்போதும் இரண்டு மூன்று வருடப் பழைய எண்ணையே கொடுக்கிறார்கள் என்று பலர் கேட்பார்கள். நான்கு காகிதங்களை ஒருவராக்கும் வேலை இருக்கிறதே, அதற்கு அவ்வளவு நாளாகும். அப்படிக் காத்திருந்து வெளியிட்ட பிறகும், விட்டுப்போன நோயாளிகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்து சேர்ந்துகொண்டே இருப்பார்கள். மருத்துவமனைக்குள் வராமல் வெளிக் கிளினிக்கிலேயே சிகிச்சை முடிகிற மெலனோமா, சில ரத்தப் புற்றுநோய்கள் போன்றவை ரொம்பவே தாமதமாக வரும். இதனால் எந்த வரைபடத்திலும் கடைசி ஆண்டு கொஞ்சம் சரிந்தே தெரியும். இன்னும் எத்தனை பேர் வரவிருக்கிறார்கள் என்று பழைய ஆண்டுகளின் தாமதத்தை வைத்துக் கணித்து அதைச் சரிசெய்வார்கள். 2020-ல் தெரிகிற பள்ளம் மட்டும் இந்த வகையைச் சேர்ந்ததல்ல. அந்த ஆண்டு கொரோனாவால் மக்கள் மருத்துவமனைப் பக்கமே போகவில்லை. மார்பகப் புற்றைத் தேடுகிற எக்ஸ்ரேயும் (மேமோகிராம்) குடல் பரிசோதனையும் தள்ளிப்போயின. புற்றுநோய் வரவில்லை என்பதல்ல, யாரும் பார்க்கவில்லை. அமெரிக்காவில் நீண்ட காலப் போக்கைக் கணக்கிடும்போது அந்த ஒரு ஆண்டை மட்டும் வரைபடத்தில் புள்ளியாகக் காட்டிவிட்டு, கோட்டை அதன் வழியாக இழுக்காமல் தாண்டிப் போகிறார்கள்.